பூசிகோ தம்பதியர் எழுப்பிய பெருங்கடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்துத் துணிக்கடை ஒன்றினுள் கால் வைத்தவர், எதையேனும் வாங்காமல் வெளியேறுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பெரும்பாலான கடைகளில் சரக்கின் மேல் விலை எழுதப்பட்டிராது. வந்தவருடைய உடையையும் நடையையும் அவசரத்தையும் நோட்டமிட்டு, ஆளைப் பார்த்து விலை சொல்வதே வியாபாரியின் சாமர்த்தியமாகக் கருதப்பட்டது. கடைக்காரர் யானை விலை சொல்ல, வாங்க வந்தவர் அடிமாட்டு விலைக்குக் கேட்க, இருவரும் களைத்துப்போகும்வரை பேரம் நடந்து, முடிவில் இருவருமே ஏமாந்துவிட்டோமோ என்ற சஞ்சலத்தோடு பிரிவார்கள். அந்தச் சஞ்சலத்தை நீக்குவதையே தம் வியாபாரத்தின் அஸ்திவாரமாகக் கொண்டு, உலகமெங்கும் பின்னர் தோன்றிய பல்பொருள் அங்காடிகளுக்கு வழிகாட்டியாக விளங்கியவர் அரிஸ்தீத் பூசிகோ.

1810-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, பிரான்ஸின் வடமேற்கே நார்மண்டிப் பகுதியிலுள்ள பெல்லெம் என்னும் சிற்றூரில், தொப்பி வியாபாரி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். கையில் முதலோ, கைதூக்கி விடப் பெரிய மனிதர்களின் சிபாரிசோ இல்லாத அந்த இளைஞர், ஊர் ஊராகச் சென்று துணி விற்கும் வியாபாரி ஒருவரோடு சேர்ந்து சொந்த ஊரை விட்டுக் கிளம்பி, நாளடைவில் பாரிஸ் வந்து, பாக் தெருவிலிருந்த பெத்தி சேன் தொமா என்ற துணிக்கடையில் சிப்பந்தியாக அமர்ந்து, சால்வைப் பிரிவின் தலைவராக உயர்ந்தார். நிர்ணயமான விலையும் குறைந்த லாபமும் அங்கே முன்னரே வழக்கத்துக்கு வந்திருந்தன. பூசிகோ கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு கற்ற பள்ளிக்கூடம் அதுதான்.

அவருக்கு வாழ்க்கைத் துணையாக வாய்த்த மார்கரீத், வெர்ஜூ என்ற கிராமத்து ஏழைக் குடியில் பிறந்து, சலவைத் தொழில் கற்கப் பாரிஸுக்கு வந்து, பிறகு சிறியதொரு சாப்பாட்டுக் கடை நடத்தியவர். 1848-ஆம் ஆண்டின் புரட்சிக் கொந்தளிப்பில் வேலை பார்த்த கடை மூடப்பட, நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பூசிகோ மறுபடியும் அடியிலிருந்து தொடங்க வேண்டியவரானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1852-இல், தம்பதியர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை முதலாகப் போட்டு, செவ்ரு தெருவும் பாக் தெருவும் கூடும் முனையில் விதோ சகோதரர்கள் நடத்திவந்த போன் மார்ஷே என்ற கடையில் பங்காளியாகச் சேர்ந்தார். அப்போது அங்கே இருந்தவை நான்கு பிரிவுகள்; வேலை செய்தவர்கள் 12 பேர்.

அவர் கைக்கொண்ட முறைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், அவற்றில் சிலவற்றை வேறு கடைக்காரர்களும் முயன்றிருந்தது தெரியும். யாரும் தடையின்றி உள்ளே வந்து பார்த்துச் செல்லலாம் என்பது, ஒவ்வொரு சரக்கிலும் விலைச் சீட்டு ஒட்டிச் சீமாட்டிக்கும் தையற்காரிக்கும் ஒரே விலை என்று வகுத்தது, வீட்டுக்குச் சென்றபின் பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ள அனுமதித்தது, குறைந்த லாபம் வைத்து விரைவில் விற்று அந்தப் பணத்தைக் கொண்டே மீண்டும் கொள்முதல் செய்தது ஆகிய இவையனைத்தையும் ஒரே கூரையின் கீழ், ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒழுங்காக இணைத்ததே பூசிகோவின் மேதை. லாபம் குறைந்தால் கூட்டம் பெருக வேண்டும். கூட்டம் பெருக வேண்டுமானால், மொழி தெரியாத குழந்தை ஒன்றைக் கடைக்கு அனுப்பினாலும் அது ஏமாற்றப்படாது என்ற நம்பிக்கை ஊராருக்கு ஏற்பட வேண்டும். அந்த நம்பிக்கையை அவர் விளம்பரத்தால் மட்டும் தேடவில்லை; திருப்பிக் கொடுத்த பணத்தால் சம்பாதித்தார்.

இந்தத் துணிச்சலைக் கண்டு கலங்கிய பங்காளி, 1863-இல் தம் பாகத்தை விற்று விலகினார். நியூயார்க்கில் மிட்டாய் வியாபாரத்தில் பொருளீட்டிய ஆன்ரி மையார் என்பவர் கடன் கொடுத்து உதவ, கடை முழுவதும் பூசிகோவின் வசமாயிற்று. 1852-இல் 5 லட்சம் பிராங்குக்கு மேற்படாத ஆண்டு விற்பனை 1863-இல் 70 லட்சத்தை எட்டியிருந்தது. ரயில் பாதைகள் வெளியூர் ஜனங்களைத் தலைநகருக்குக் கொண்டுவந்தன. புதிதாக வெட்டப்பட்ட அகன்ற வீதிகள் அவர்களைக் கடை வாசலுக்குக் கொண்டுசேர்த்தன. இயந்திரத் தறிகள் மலிவான துணியை மலைபோல் குவித்தன. வர இயலாதவர்களுக்குத் துணி மாதிரிகளும் விலைப்பட்டியலும் தபாலில் சென்றன. வியாபாரம் மந்தமாகிவிடும் ஜனவரி மாதத்தில், படுக்கை விரிப்பு, மேஜைத் துணி முதலிய வெள்ளைத் துணிகளை மலிவு விலையில் விற்கும் ஏற்பாடு செய்து, சோம்பிக் கிடந்த நாட்களையும் திருவிழாவாக்கினார்.

1869-இல் புதிய மாளிகைக்கு மார்கரீத் அடிக்கல் நாட்டினார். புவாலோ குடும்பத்துச் சிற்பிகளும், பின்னாளில் கோபுரத்தால் புகழடைந்த குஸ்தாவ் ஈஃபெலும் இரும்புச் சட்டங்களையும் கண்ணாடிக் கூரையையும் கொண்டு எழுப்பிய அக்கட்டடத்தில், பட்டின் நிறத்தைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. மனைவியர் துணி பார்க்கையில் கணவன்மார் பத்திரிகை படித்திருக்க வாசக அறையும், குழந்தைகளுக்குப் பலூனும் வண்ணப் படச் சீட்டுகளும் அங்கே இருந்தன.

ஆயினும் பூசிகோவைச் சிறந்த வியாபாரி என்ற அளவோடு நாம் நிறுத்திவிடக் கூடாது என்பதற்குக் காரணம், கல்லாவுக்கு அப்பால் நின்ற சிப்பந்திகளிடம் அவர் காட்டிய அக்கறையாகும். அவர்களுக்கு வேளைக்கு உணவு, மணமாகாத பெண்களுக்குத் தங்குமிடம், மாலையில் ஆங்கிலமும் சங்கீதமும் கற்க வகுப்பு, விற்பனைக்கேற்ற கமிஷன் ஆகியவற்றை ஏற்படுத்தியதோடு, 1876-இல், சம்பளத்திலிருந்து ஒரு காசும் பிடிக்காமல், ஸ்தாபனத்தின் லாபத்திலிருந்தே பணம் செலுத்தி ஒரு சேமநிதியையும் தொடங்கினார். அந்தக் கடையில் கண்டிப்பும் கடுமையாகவே இருந்தது. வேலை நேரம் நீண்டது, தவறியவர்கள் நீக்கப்பட்டனர். சுற்றுப்புறத்துச் சிறு கடைகள் பெருங்கடைகளின் முன் நிற்கமாட்டாமல் நசிந்த துயரத்தை எமில் ஸோலா 1883-இல் ஒரு நாவலாகவே எழுதினார். அந்தத் துயரம் உண்மை. அதை மறைத்துப் பூசிகோவைப் புகழ்வது நியாயமாகாது. ஆனால் நோயிலும் முதுமையிலும் உழைப்பாளிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாதிருந்த காலத்தில், அவனுடைய நாளையைப் பற்றி முதலாளி கவலைப்பட்டது சாமானியமான செய்தியன்று.

1877-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானபோது, ஆண்டு விற்பனை ஏறக்குறைய 7 கோடி பிராங்காக வளர்ந்திருந்தது; சிப்பந்திகள் சுமார் 1,800 பேராகப் பெருகியிருந்தனர். இரண்டே ஆண்டுகளில் ஒரே மகனையும் பறிகொடுத்த மார்கரீத், துக்கத்தில் ஒடுங்கிவிடாமல், 1880-இல் முக்கிய ஊழியர்களையே ஸ்தாபனத்தின் பங்காளிகளாக்கி, 1886-இல் தம் சொந்தச் செல்வத்திலிருந்து ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். லூயி பாஸ்டரின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெருந்தொகை அளித்தார். பிறந்த கிராமத்தில் சோன் ஆற்றைக் கடக்கப் பாலம் அமைக்க வழி செய்தார். 1887-இல் அவர் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு பாரிஸில் எழுந்த பூசிகோ ஆஸ்பத்திரி 1897-இல் திறக்கப்பட்டது.

விலைச் சீட்டையும், தள்ளுபடி விற்பனையையும், விலைப்பட்டியலையும் உலகத்து வியாபாரிகள் பூசிகோவிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். அவை லாபம் தருபவை, எடுத்துக்கொள்ள எளியவை. வாங்குகிறவருக்கு ஒரே விலை சொன்ன அதே நாணயம், விற்கிறவருக்கு அவருடைய உழைப்பின் பங்கையும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டாம் பாடம் அத்தனை எளிதில் பரவவில்லை. பெருங்கடை நடத்தும் எவரும் கணவரின் சாதுரியத்தோடு மனைவியின் உயிலையும் சேர்த்துப் படிப்பாரானால், அந்தத் தம்பதியர் வகுத்த வியாபார தர்மம் முழுமையாக விளங்கும்.