பல்புக்குப் பேச வரும்!

டி.வி. ரிமோட்டைக் கையில் எடுங்கள். செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, அதன் முன்னால் ரிமோட்டின் மூக்கை நீட்டி ஏதாவது ஒரு பட்டனை அமுக்குங்கள். ஸ்கிரீனில் ஒரு வெளிச்சப் புள்ளி வெட்டி வெட்டி மின்னும். வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் இல்லை. அது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு எட்டாது, கேமராவுக்கு எட்டும். (பின்பக்க கேமரா பல போன்களில் இதை வடிகட்டிவிடும். அதனால்தான் செல்ஃபி.)

'வால்யூமைக் கூட்டு', 'சானலை மாற்று' எல்லாம் அந்த மின்னலுக்குள்தான் இருக்கிறது. கம்பி கிடையாது, ரேடியோ கிடையாது. நடுவில் யாராவது வந்து நின்றால் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். கிரிக்கெட் நடக்கும்போது குறுக்கே நிற்பவர் வாங்கும் திட்டில் பாதி இதற்காகத்தான்.

ரிமோட் நுனியில் இருக்கும் துக்குணூண்டு எல்.இ.டி. இவ்வளவு பேசுமென்றால், கூரையில் இருக்கும் பெரிய எல்.இ.டி. விளக்கு எதற்கு சும்மா எரிய வேண்டும்? இன்டர்நெட்டையும் நீயே அனுப்பு என்று அதனிடம் சொன்னால் என்ன?

லை-ஃபை என்கிற சமாசாரம் இதுதான். எனக்கு இதில் சுயநலமான அக்கறை உண்டு. நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் வை-ஃபை பட்டியலைத் திறந்தால் பதினேழு பெயர்கள் வருகின்றன. அத்தனை பேரும் அதே சில அலைவரிசைகளில் டவுன் பஸ் மாதிரி இடித்துக்கொள்கிறோம். யாராவது மைக்ரோவேவ் அடுப்பில் சாம்பாரைச் சூடு பண்ணினால், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில் வந்து ஃபுட்போர்டில் தொற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 400 டெராஹெர்ட்ஸுக்குக் கிட்டே ஆரம்பிக்கிறது. அங்கே ஏகப்பட்ட காலி இடம். தவிர, ஒளி சுவரைத் தாண்டாது. பக்கத்து வீட்டு ஆசாமி ஓசியில் உறிஞ்ச முடியாது!

யோசனை புதிசில்லை. டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லும் அவர் உதவியாளர் சம்னர் டெய்ன்டரும் 1880-லேயே வாஷிங்டனில் ஒளி மூலம் பேசிப் பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூட மாடியில் நின்று டெய்ன்டர் மெல்லிய கண்ணாடி ஒன்றின் முதுகில் பேசினார். குரலுக்கு ஏற்றபடி கண்ணாடி அதிர்ந்தது. அதில் பட்டுப் போன சூரிய வெளிச்சமும் கூடிக் குறைந்தது. சுமார் 213 மீட்டர் தள்ளி பெல்லின் அறையில் செலீனியம் அந்த வெளிச்சத்தை வாங்கி மறுபடி குரலாக்கியது. 'காதில் விழுந்தால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டுங்கள்' என்ற மாதிரி டெய்ன்டர் சொல்ல, பெல் வந்து ஆட்டினார். கருவிக்கு ஃபோட்டோஃபோன் என்று பெயர். அந்த வருஷம் பிறந்த பெண் குழந்தைக்கும் அதே பெயரை வைக்க பெல் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். மனைவி தடுத்துவிட்டார். குழந்தை பிழைத்தது, கருவி பிழைக்கவில்லை. மேகம் வந்தால் லைன் கட்!

சரியான விளக்கு கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பழைய குண்டு பல்பு ஒரு சோம்பேறி. இழை சூடாகித்தான் எரியும், அணைத்தால் ஆற நேரமாகும். எல்.இ.டி. செமிகண்டக்டர் ஜாதி. விநாடிக்குப் பத்து லட்சம் தடவை கூட்டிக் குறைத்தாலும் முகம் சுளிக்காது. ஆனால் வெள்ளை வெளிச்சத்துக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. அது 1990-களில் ஜப்பானில் உருப்படியாக வந்தது (அதற்குக் காரணமான மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு). நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை. 2000-த்தின் ஆரம்ப வருஷங்களில் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் மசாவோ நகாகவா குழுவினர், இந்த வெள்ளை விளக்கே அறைக்கு வெளிச்சமும் தகவலும் சேர்த்துத் தரலாமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஊருக்கெல்லாம் தெரிய வைத்தவர் ஹெரால்ட் ஹாஸ். அப்போது எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். 2011-ல் ஒரு டெட் மேடையில், ஒரு மேஜை விளக்கின் வெளிச்சத்தில் வீடியோ ஓட்டிக் காட்டினார். விளக்குக்குக் கீழே கையை நீட்டினார், படம் நின்றது. எடுத்தார், ஓடியது. கைதட்டல். லை-ஃபை என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

'விளக்கு இப்படித் துடித்தால் கண் என்னத்துக்கு ஆகும்?' ஒன்றும் ஆகாது. பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கியது. பெரும்பாலோர் கண்டுகொள்ளவே இல்லை. இது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம். எரிகிற நேரமும் மங்குகிற நேரமும் சமமாக வருகிற மாதிரி சங்கேதத்தை அமைத்துவிடுவதால், சராசரி வெளிச்சம் ஒரே சீராக இருக்கும்.

சரி, அப்படியானால் நம் வீட்டில் ஏன் இன்னும் வரவில்லை?

முதல் வில்லன் அந்த மஞ்சள் பாஸ்பர். நீலம் துள்ளுகிற வேகத்துக்கு அதனால் துள்ள முடியாது. வாங்கும் பக்கத்தில் நீல ஃபில்ட்டர் போட்டு இதை ஒருவாறு சமாளித்தார்கள். அடுத்தது, பதில் சொல்வது எப்படி? விளக்கு அனுப்புகிறது, போன் வாங்கிக்கொள்கிறது. போன் திருப்பி அனுப்ப வேண்டுமே! அதன் நெற்றியில் டார்ச் கட்டி முகத்துக்கு நேராக அடிக்கவா முடியும்? மூன்றாவது தூக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு, 'லைட்டை அணைங்க' என்று வீட்டில் குரல் வந்தால் இன்டர்நெட்டும் அதோடு அம்பேல்.

இதற்கெல்லாம் 2023-ல் ஒரு தீர்ப்பு வந்தது. வை-ஃபைக்கு விதி எழுதும் அதே ஐ.இ.இ.இ. அமைப்பு, ஒளிக்கும் 802.11பிபி என்று ஒரு தர விதியை வெளியிட்டது. வேகம் விநாடிக்கு 10 மெகாபிட்டிலிருந்து 9.6 கிகாபிட் வரை. ஒளி? 800-லிருந்து 1000 நானோமீட்டர். அதாவது அகச்சிவப்பு! பத்து வருஷத்துக்கும் மேலாக வெள்ளை விளக்கைக் கொண்டாடிவிட்டு, கடைசியில் ரிமோட்டின் ஜாதியில் பெண் எடுத்தார்கள். இருட்டிலும் வேலை செய்யும், போனும் கண் கூசாமல் பதில் சொல்லும்.

இவ்வளவும் சரியானாலும் சட்டைப்பை இருக்கிறது. வை-ஃபை துணியைத் தாண்டி உள்ளே வருகிறது. ஒளிக்கு ஒரு கைக்குட்டை போதும். வீட்டில் லை-ஃபையைத் தோற்கடித்தது தொழில்நுட்பம் அல்ல, சட்டைப்பைதான் என்பது என் கட்சி. மேஜையில் மல்லாந்து கிடக்கும்போது மட்டும் மெசேஜ் வாங்கும் போனுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிற இடமாக இருந்தால் கதை வேறு. ஃபிரான்ஸில் லீல் நகரத்தின் கார்ஃபோர் சூப்பர்மார்க்கெட்டில் 2015-ல் ஃபிலிப்ஸ் இப்படி விளக்குகளைப் போட்டது. ஒவ்வொரு விளக்கும் தன் அடையாள எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப மினுக்கும். போனின் கேமரா அதைப் படித்து, நீங்கள் எந்த ஷெல்ஃபுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும். இன்டர்நெட் வேகமெல்லாம் வேண்டாம், பதிலும் வேண்டாம்.

இன்னொரு வாடிக்கையாளர் அமெரிக்க ராணுவம். 2021-ல் அதன் ஐரோப்பா - ஆப்பிரிக்கப் பிரிவு, ஹாஸ் கூட்டாகத் தொடங்கிய ப்யூர்லைஃபை கம்பெனியிடமிருந்து லை-ஃபை சாதனங்களை வாங்க லட்சக்கணக்கான டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. போர்க்களத்துக் கூடாரத்தில் நாலைந்து அதிகாரிகள் லாப்டாப்பைத் திறந்து வை-ஃபையைப் போட்டால் போதும். அந்த ரேடியோ அலையை எதிரி தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்து, கூடாரம் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வான். அதற்குப் பிறகு வருவது மெயில் அல்ல, குண்டு. ஒளியில் பேசினால் பேச்சு கூடாரத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. படுதாவைத் தாண்டி அது போகாது என்பதற்காகவே அவர்கள் காசு கொடுத்தார்கள்.