பரண்ல பழைய வாளா? பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கோவையில் பஃபிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. தாத்தா வீட்டுப் பரணில் துருப்பிடித்த வாள் ஒன்று கிடைத்தால், ‘பட்டறையில கொடுத்து பளபளன்னு ஆக்கிடலாம்’ என்றுதான் முதலில் தோன்றும். தயவுசெய்து வேண்டாமுங்க. அந்த வாளின் வயதையும் ஊரையும் சொல்லும் மெல்லிய எழுத்துகள் அலகின் மேல்தான் இருக்கின்றன. பஃபிங் சக்கரத்தில் வைத்தால் அவை போயே போச்சு. விலையும் கூடவே போய்விடும்.

ஐரோப்பிய வாள் இங்கே எப்படி?

16-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பிய அலகுகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. உள்ளூர்க் கைப்பிடி பொருத்திய அந்த வாள்களுக்கு ‘ஃபிரங்கி’ என்று பெயர். நம்ம ‘பறங்கி’யும் அதே சொல்தான். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலும் இப்படிப்பட்டவை இருந்தன. 1799-ல் திப்பு வீழ்ந்து கொங்கு நாடு கம்பெனி வசம் போனபின், பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாள்களும் வந்து சேர்ந்தன.

எங்கே பார்க்கணும்?

* கைப்பிடியை ஒட்டிய அலகுப் பகுதி: செய்தவர் பெயர், ஊர் இருக்கும். ‘சோலிங்கன்’ என்றால் ஜெர்மனியின் வாள் நகரம்.
* அரச முத்திரை: ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா காலம் (1837–1901).
* அலகின் முதுகு: லண்டன் வில்கின்சன் வாள் என்றால் வரிசை எண் இருக்கலாம். அதை வைத்துச் செய்த ஆண்டையே கண்டுபிடிக்கலாம்.

ஆனா, முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. புகழ்பெற்ற ஐரோப்பிய முத்திரைகளை அந்தக் காலத்திலேயே நகலெடுத்தார்கள், இந்தியக் கொல்லர்கள் உட்பட. அலகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் சந்தேகமே வேண்டாம்: அது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

விலை எவ்வளவு போகும்?

2023-ல் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அது யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்பதற்கு ஆதாரம் இருந்ததால் வந்த விலை அது. ‘இது சின்னமலை காலத்து வாள்’ என்ற வாய்வார்த்தைக்கு அந்த மதிப்பு கிடைக்காது. பழைய கடிதம், போட்டோ, அசல் உறை எதையும் தூக்கிப் போடாதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

100 ஆண்டுகளைத் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள பொருள், 1972 தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். தொல்பொருள் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். தோட்டத்தில் மண்ணுக்கடியில் கிடைத்ததென்றால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடையுங்கள், எழுத்துகளைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள், அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். துரு இருந்துட்டுப் போகட்டும்.