கல் கொடுத்த ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணறு வெட்டியவர்கள் அறிவர்: செம்மண்ணைச் சிறிது தோண்டியதும் அலவாங்கு கல்லிலே மோதும். அந்தக் கல்லைப் பிளந்து நம் முன்னோர் நீர் கண்டனர். அதையே சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். 1950ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபோது, அதே கல்லுக்கு ஒரு புதிய மதிப்பு உண்டாயிற்று. அக்காலத்திலே கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம்.

சுண்ணக்கல்லுடன் களிமண்ணையும் சேர்த்து அரைத்து, சுழலும் உலையிலே ஏறத்தாழ 1,450 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் சுடுவர். வெளிவரும் கட்டிகளே கிளிங்கர். அதனோடு சிறிது ஜிப்சம் சேர்த்துப் பொடியாக்கினால் சீமெந்து. கல் காலடியிலே இருந்தது. களிமண்ணோ மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து புகையிரதத்திலே வந்தது. தெற்கே மதவாச்சி வரை சென்று, பின் வடக்கே திரும்பி, குடாநாட்டின் முனை வரை அந்த மண் பயணஞ் செய்தது! கடலோரமாக ஒரு பாதை இருந்திருப்பின் தூரம் எவ்வளவோ குறைந்திருக்கும்.

உத்தியோகந் தேடிக் கொழும்புக்குப் போவதே வழக்கமாயிருந்த ஒரு சமூகத்திலே, மாதச் சம்பளம் வீட்டு வாசலுக்கே வந்தது சிறிய மாற்றமன்று. தோட்டத்தை விடாமலே தொழிலாளியாகவும் இருக்கலாம் என்ற நிலை பிறந்தது. பெற்றோரைப் பிரியாமலே பிள்ளைகள் உழைத்தனர். இதனை மறந்துவிட்டுப் புகையையும் தூசியையும் மட்டும் பேசுவது நியாயமாகாது.

ஆயினும் பேசவேண்டியது ஒன்றுண்டு. ஒரு தொன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் வேண்டும். அதிலே கணிசமான பங்கு கரியமில வாயுவாக வானிலே கலந்துவிடும். நிலத்திலே மிஞ்சுவது குழி. வேறு நாடுகளில் குழி வெறுங் குழியே. இங்கோ நிலைமை வேறு. குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை இக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர் நீரின் மேலே நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே என்னவாகும் என்பதை மாணவர்களே கணித்துக்கொள்ளலாம். கீரிமலையிலே கடலருகே நன்னீர் சுரப்பதும் இக்கல்லின் உள்வழிகளினாலேதான். ஆகவே நாம் வெட்டியெடுத்தது கல்லை மட்டுமன்று, நம் நீர்த் தொட்டியின் சுவரையுமாகும்.

1990இலே போர் மூண்டபோது உலை அணைந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்தனர். காணிகள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. 2015 ஜனவரியிலே காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. மண் ஏற்றிய பெட்டிகள் மாத்திரம் வரவில்லை.

அண்மையில் மாணவர் சிலருடன் அப்பக்கம் சென்றோம். நீர் தேங்கிய பெருங்குழி ஒன்றைக் கண்ட ஒருவன், "சேர், இது குளமா, கிணறா?" என்று கேட்டான். கேள்வி நம்மைத் திகைக்க வைத்தது. அதன் நீர் நிலத்தடி நீரோடு கலப்பது. அங்கே குப்பை கொட்டினால் அயலவர் கிணற்றிலே கொட்டியதற்கு ஒப்பாகும் என்றோம்.

ஆலையை மீளத் திறக்கவேண்டும் என்போர் உளர். வேலையின்றி வாடும் இளைஞரைக் காணும் நாம் அதனை எளிதில் மறுக்கமாட்டோம். ஆனால் கிளிங்கரைக் கப்பலிலே கொண்டுவந்து அரைப்பது வேறு. இங்கே மறுபடியும் கல் அகழ்வது வேறு. முதலாவதைப் பற்றிப் பேசலாம். இரண்டாவதற்கு முன்னர், சுற்றியுள்ள கிணறுகளின் உவர்ப்பை மாரியிலும் கோடையிலும் அளந்து, அக்கணக்கை ஊராருக்குக் காட்டட்டும்.