கறுத்ததெல்லாம் பேக்லைட் அல்ல

வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பது மளிகை வணிகர்களுக்குத் தெரியாததல்ல. கறுத்ததெல்லாம் பேக்லைட் அல்ல என்பதை நாங்கள் கசப்பான அனுபவத்தில் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மொத்தக் கடையில் வெல்டிங் ஹோல்டர் ஒரு பெட்டி இறக்கினோம். வழக்கமான சரக்கைவிட விலை குறைவு. கைப்பிடி கறுப்பாக, பளபளப்பாக, நன்றாகக் கெட்டியாக இருந்தது. பேக்லைட் என்றே பில் போட்டு விற்றோம். ஒரு மாதம் கழித்து ஒரு பட்டறைக்காரர் அதில் ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். கைப்பிடி சூட்டில் இளகி, உள்ளே இருந்த பித்தளை வெளியே தெரிந்தது. வேலை செய்த பையன் ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டதாம். "அண்ணாச்சி, உங்களை நம்பித்தானே வாங்கினேன்" என்றார். வைத்தியச் செலவைக் கொடுத்தோம். மீதிச் சரக்கைத் திருப்பி அனுப்பினோம். அவர் சொன்ன சொல் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

வெல்டிங் மின்சாரம் வோல்டேஜ் குறைவுதானே என்று சிலர் நினைக்கலாம். ராடு பற்றாமல் சும்மா இருக்கும்போது சாதாரண வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். வியர்வையில் நனைந்த உடம்பில் பாய்ந்தால் அது உயிரையே எடுக்கலாம்.

ஆகவே கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு சூடு படும், அடியும் தேய்மானமும் உண்டா, ஈரம் படுமா என்ற மூன்றையும் கேட்டே சரக்கு கொடுக்க வேண்டும்.

1907ல் பேக்லண்ட் என்பவர் கண்டுபிடித்த பேக்லைட் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. தாளோ துணியோ சேர்த்து அழுத்திய இதன் தகட்டைத்தான் ஹைலம் ஷீட் என்கிறோம். சுமார் 120 டிகிரி வரை தாங்கும். ஆனால் தீப்பொறி ஓயாமல் விழும் இடத்தில் மேற்பரப்பு கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். தாள் சேர்த்த ரகம் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

மளிகைக் கடையில் கவர் ஒட்டும் மெஷினின் கம்பி மேல் உள்ள பழுப்புத் துணி, டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணி. டெஃப்லான் 260 டிகிரி வரை தாங்கும். ஆனால் மென்மையானது, போல்ட் போட்டு இறுக்கும் இடத்தில் நாளடைவில் நசுங்கும். மைக்கா 500 டிகிரி சூட்டையும் தாங்கும். அடி பட்டால் இதழ் இதழாக உரியும்.

சூடும் அடியும் சேர்ந்து வரும் இடத்துக்குச் செராமிக் வேண்டும். கார் தொழிற்சாலைகளில் தகட்டின் மேல் நட்டை வெல்டிங் செய்யும்போது அதை நகராமல் நிறுத்தும் சிறு முளையை லொகேட்டிங் பின் என்பார்கள். மின்சாரம் அதன் வழியே போய்விட்டால் நட்டு சரியாகப் பிடிக்காது. இதற்கு அலுமினா கடினமானதுதான், ஆனால் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். சிர்கோனியா அடி தாங்கும். மிகுந்த சூட்டிலோ மின்சாரத்தைத் தடுக்கும் தன்மை குறையும். சிலிக்கான் நைட்ரைடு திடீர்ச் சூட்டையும் தாங்கும், உருகிய இரும்புத் துளியும் எளிதில் ஒட்டாது. விலைதான் கூடுதல்.

பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு மீதி இருந்தால் விற்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும்.

இப்போது புதுச் சரக்கு வந்தால், நாங்கள் ஒன்றை எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கிறோம். சாதாரண பிளாஸ்டிக் உருகி நூலாக இழுக்கும். பேக்லைட் உருகாது, கருகி, கார்பாலிக் வாடை வீசும். ஒரு ஹோல்டர் வீணாகும், அவ்வளவுதான். தேறிய பிறகே பில்லில் பேக்லைட் என்று எழுதுகிறோம். உறுப்பினர்களும் இதைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.