கத்தரிக்காய் போட வாடகைக்கு நிலம்! சிங்கப்பூரில் நடக்கிறது, தென்காசியில் முடியுமா?

தென்காசிக்குப் பக்கத்திலேயே பாவூர்சத்திரம் மார்க்கெட். அங்கிருந்து லாரி லாரியாகக் காய்கறி கேரளாவுக்குப் போகிறது.

அப்படிப்பட்ட ஊரிலும், 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, "கால் கிலோ போதும்வே" என்று பையைச் சுருட்டியவர்கள் உண்டு.

"நாலு செடி வைக்க இடம் இருந்தா இந்தப் பாடு உண்டுமா?" என்பது வாடகை வீட்டுக்காரரின் பெருமூச்சு.

இடம் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

குலுக்கலில் பாத்தி

தென்காசி, கடையநல்லூர் பக்கமிருந்து பலர் பிழைக்கப் போன ஊர் சிங்கப்பூர். கடையநல்லூர்க்காரர்கள் 1941லேயே அங்கே சங்கம் வைத்துவிட்டார்கள்.

அங்கே அடுக்குமாடி வீடுதான் அதிகம். கொல்லைப்புறம் ஏது? இதற்காக அரசின் தேசியப் பூங்காக் கழகம் 2016ல் ஒரு வழி கண்டது. பூங்காவுக்குள்ளேயே பாத்தி அமைத்து வாடகைக்கு விட்டது.

ஒரு பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ஒரு கட்டில் போடும் இடம்தான்! வாடகை, வரி நீங்கலாக ஆண்டுக்கு 57 வெள்ளி. மூன்று ஆண்டு வைத்துக்கொள்ளலாம். ஆள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு 1908லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் 6 சென்ட்.

பெங்களூரில் 2017ல் 'ஃபார்மைசன்' என்ற நிறுவனம் 600 சதுர அடி துண்டுகளை மாதம் 2,500 ரூபாய்க்கு விட்டது. என்ன பயிர் என்று வாடகைக்காரர் சொல்வார். பாடுபடுவது விவசாயி. விளைச்சல் வாடகைக்காரருக்கு.

நமக்குப் புதுசா?

இல்லை. குற்றாலத்தில் சீசன் கடைகளை ஏலம் எடுக்கிறார்கள். மாமரம், புளியமரம் மகசூலைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். வயலை வாரத்துக்கு விடுகிறார்கள். அதையே இரண்டு சென்ட், மூன்று சென்ட்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான் இது.

பிறகு ஏன் நிலக்காரர்கள் தயங்குகிறார்கள்?

பயம்!

"ஒருத்தனை உள்ளே விட்டா நிலம் கையை விட்டுப் போயிரும்" என்பது பழைய பேச்சு. அதற்குக் காரணமும் உண்டு. 1955ம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானோ குடும்பத்தாரோ உடலுழைத்துப் பயிரிடும் குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. ஏழை உழவனைக் காப்பாற்ற வந்த சட்டம் அது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப் பதிவும் கட்டாயம். இதற்காக 11 மாதம் என்று எழுதிக்கொள்வது ஊர் வழக்கம். அப்படி எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. இரு தரப்பும் வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரும் பன்றியும்

ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது எல்லா நிலமும் நல்ல நிலம்தான். பங்குனி, சித்திரையில் அருவியே வற்றிவிடும். எனவே கிணறு பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வடகரை, மேக்கரை போன்ற மலையடிவார ஊர்களில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும். வேலிச் செலவு யாருடையது?

மோட்டார் எந்த நேரம் ஓடும்? பத்துப் பேருக்கு முறை எப்படி? நட்ட வாழை குலை தள்ளும் முன்பே கெடு முடிந்தால் குலை யாருக்கு? தகராறு வருகிற இடங்கள் இவைதான்.

எழுதி வாங்குங்கள்

விடுகிறவர் பெயரில் பட்டா இருக்கிறதா என்று பாருங்கள். சர்வே எண், நான்கு எல்லை, சென்ட் கணக்கு, வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் முறை, காலி செய்யும் தேதி அத்தனையும் தாளில் ஏறட்டும். பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

பாத்தி என்னவோ கட்டில் அளவுதான். வரப்புத் தகராறு வந்தால் போலீஸ் ஸ்டேஷன் வரை இழுக்கும்.

முதலில் பத்திரம். அப்புறம் மண்வெட்டி!