மாதவிடாய் நின்றும் வலி நிற்காவிட்டால்: கருப்பைக் கழுத்துச் சுருக்கம்

கருப்பைக் கழுத்தில் சத்திரசிகிச்சை செய்த சில மாதங்களில் மாதவிடாய் குறைகிறது அல்லது நின்றுவிடுகிறது. ஆனால் மாதந்தோறும் அடிவயிற்று வலி வருகிறது. யாழ்ப்பாணத்தில் பெண்நோயியல் விடுதியில் தாதியாகப் பணியாற்றிய காலத்தில், "வயது வந்திட்டுது, நின்றிட்டுது" என்று இதைப் பொறுத்துக்கொண்ட பெண்களைக் கண்டிருக்கிறேன். இரத்தம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கக்கூடும்.

பப் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால், அது புற்றுநோயாக மாறுமுன் அந்த இழையத்தை மின்கம்பி வளையத்தாலோ கத்தியாலோ வெட்டியெடுப்பார்கள். காயம் ஆறும்போது தழும்பு இறுகினால், சில மில்லிமீற்றர் அகலமான அந்தப் பாதை சுருங்கிவிடும். ஆழமாக வெட்டியவர்களுக்கும் மாதவிடாய் நின்ற வயதினருக்கும் ஆபத்து அதிகம். கதிர்ச் சிகிச்சையின் பின்னரும் இது வரலாம்.

வெளியேறாத இரத்தம் கருப்பையில் தேங்கும். கருத்தரிப்பதும் கடினமாகலாம். முதிய பெண்களுக்கு வலியே இல்லாமலும் இருக்கலாம். அவர்களிடம் அடைப்பு இரட்டை ஆபத்து: கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியான இரத்தக்கசிவு வெளியே தெரியாது, தொடர் பரிசோதனைக்குக் கலங்களை எடுப்பதும் சிரமம்.

முதலில் கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்து ஸ்கான் எடுப்பார்கள். பின்னர் மெல்லிய கோல்களை ஒன்றன்பின் ஒன்றாக, அளவைக் கூட்டிச் செலுத்திப் பாதையை விரிப்பார்கள். தேவைப்பட்டால் மயக்க மருந்து தருவார்கள். கருப்பையைத் துளைத்துவிடாதிருக்க ஸ்கானைப் பார்த்தபடியும் செய்வதுண்டு. இறுகிய தழும்பைக் கமராக் குழாய் மூலம் வெட்டலாம். மீண்டும் ஒட்டாமலிருக்க மெல்லிய குழாயொன்றைச் சிலநாள் உள்ளே விட்டுவைப்பதும் உண்டு. ஆனாலும் சுருக்கம் திரும்ப வரலாம், கிளினிக்கைத் தவறவிடக்கூடாது. பலமுறை திரும்பினால், பிள்ளைப்பேறு வேண்டாதவர்களுக்குக் கருப்பையை அகற்றுவது கடைசி வழி.

1995 இடப்பெயர்விலும் 2009 இறுதி யுத்தத்திலும் கிளினிக் கொப்பிகளைத் தொலைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். துண்டு இல்லையென்று தயங்காதீர்கள். எந்த ஆண்டளவில், எங்கே, எதற்காகச் செய்தார்கள், அதன்பின் மாதவிடாய் எப்படி மாறியது என்று வாயால் சொன்னாலே வைத்தியருக்குப் பெரிய உதவி.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் பேசலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதலும் சேர்ந்து வந்தாலோ, மாதவிடாய் நின்றபின் ஒருதுளி இரத்தம் கண்டாலோ, கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.