முட்டிக்கு யார் பொறுப்பு?

மகளிர் கால்பந்து என்றாலே இப்போது சம்பளப் பேச்சுதான். பந்து விளையாடிப் பெண்கள் பிழைக்க முடியுமா என்று கேட்டால், ஆஸ்திரேலியாவைப் பார் என்கிறார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அந்த நாட்டு ஆட்டத்துக்கு 2017-இல் மகளிர் லீக் வந்தது. முதல் சீசனில் சாதாரண வீராங்கனைக்குக் கிடைத்தது 8,500 ஆஸ்திரேலிய டாலர். 2023 ஒப்பந்தத்தில் சராசரி ஊதியம் 60,000 டாலர் ஆனது. 2027-க்குள் 82,000 ஆகவேண்டும். பெரிய பாய்ச்சல்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்குக் கண்ணில் படுவது சம்பளம் அல்ல, முட்டி.

எரின் பிலிப்ஸையே எடுத்துக்கொள்வோம். அப்பா போர்ட் அடிலெய்டு கிளப்பின் பெயர்பெற்ற ஆட்டக்காரர். மகளும் பையன்களோடு அதே ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர். 13 வயதுக்கு மேல் பெண்ணுக்குக் களம் இல்லை என்றானதும் கூடைப்பந்துக்குப் போனார். 2006-இல் உலகப் பட்டம், பிறகு அமெரிக்க லீக்கில் இரண்டு பட்டங்கள். மகளிர் லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 31. முதல் சீசனிலேயே லீக்கின் சிறந்த வீராங்கனை. 2019 இறுதிப்போட்டியில், அடிலெய்டு ஓவலில் 53,034 பேர் பார்த்துக்கொண்டிருக்க, முட்டி ஜவ்வு கிழிந்து ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். அன்றைய ஆட்டநாயகியும் அவரே.

பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே இந்த ஜவ்வு கிழிகிறது. ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, எம்பிக் குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போது, முட்டி உள்பக்கமாக மடங்கினால் போதும். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட இரு மடங்குக்கும் மேல். தொடையிலிருந்தோ முட்டியிலிருந்தோ தசைநாண் எடுத்து அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும். அதன்பின் முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்திப் பழகுவதில் ஆரம்பித்து, மறுபடி களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். எரின் அதைத் தாண்டி வந்து 2022-இல் மகளிர் லீக்கில் தன் மூன்றாவது பட்டம் வாங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு கிளப் இருந்தது.

நம் பெண்களுக்கு? மணிப்பூரின் பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் ஒப்பந்தமானார். வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியக் கால்பந்து வீராங்கனை. அவரையும் ஜவ்வுக் காயம் விடவில்லை. மீண்டு வந்து நாட்டுக்கு ஆடினார். அவருக்கு மணிப்பூர் போலீஸில் வேலை இருந்தது. இன்னொரு இந்திய வீராங்கனை கடலூர் இந்துமதி கதிரேசனும் தமிழகக் காவல்துறை எஸ்.ஐ.யாகக் கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் பணியில் நின்றவர். நம் நாட்டில் வீராங்கனையின் முட்டிக்குக் காப்பீடு என்பது சர்க்கார் உத்தியோகம்தான். அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பெங்களூரு அருகே சந்தாபுராவில் வாடகை வீடெடுத்து பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர் கட்ட, 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். வேலையில் அடிபட்டால் வைத்தியமும் உண்டு, விடுப்புக்குப் பணமும் உண்டு. அதே வீட்டுப் பெண் ஆனேக்கல் ரோட்டில் எங்காவது பந்து பழகி, நாளைக்கு ஒரு கிளப்பில் சேர்ந்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே அவளுக்குத் துணை. எழுதாவிட்டால் அப்பாவின் கடன்தான். இந்திய மகளிர் லீக் அணிகள் குறைந்தது பத்துப் பேருக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் தரவேண்டும் என்று 2023-இல் முடிவானது. நல்ல முடிவு. ஆனால் தனியார் மருத்துவமனையில் ஒரு ஜவ்வு அறுவைச் சிகிச்சையும் பிசியோதெரபியும் முடிந்தால் அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

முதலில் ஆட்டம் வளரட்டும், பணம் வந்தால் பாதுகாப்பு தானாக வரும் என்போர் உண்டு. என்னால் அதை ஏற்கமுடியவில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச்சுற்று வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனது நம் மகளிர் அணி. இதைப் பார்த்துவிட்டு இன்னும் ஆயிரம் சிறுமிகள் பூட்ஸ் கட்டுவார்கள். பணம் வரும்வரை அவர்கள் முட்டி காத்திருக்காது.

காசில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ பயிற்சிக்கு ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் போதும். ஒற்றைக்காலில் நிற்பது, பின்தொடையைப் பலப்படுத்துவது, முட்டி உள்ளே மடங்காமல் குதித்து இறங்குவது போன்றவைதான். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. தெருமுனை மைதானத்துக் கோச்சும் இதைச் சொல்லித்தர முடியும்.

மகளைப் பந்து விளையாட அனுப்பும் பெற்றோர் இரண்டு கேள்வி கேட்டே ஆகவேண்டும். ஆட்டத்துக்கு முன் அந்த 20 நிமிடம் நடக்கிறதா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் அந்த ஒன்பது மாதச் சம்பளமும் யார் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? இரண்டாவதற்கு வாய்வார்த்தையில் பதில் வந்தால், கையெழுத்துப் போடவேண்டாம்.